சைக்கிள் கேப்பில் - 14: ஈரல் கெட்டா கால் ஏன் தளருது?

வியாழக்கிழமை வந்தாச்சு, சைக்கிள் கேப்பில் அடுத்த பதிவும் வந்தாச்சு. போன வாரம் ஆர்ஹூஸ் மழையில சைக்கிள் ஓட்டுறது எப்படின்னு மொக்கை போட்டதுக்கு, "டேய், படிக்கிற படிப்பைப் பத்தி ஏதாவது உருப்படியா எழுதேன்டா"ன்னு ரெண்டு மூணு பேர் தனிமடல்ல அன்பா மிரட்டிட்டாங்க. சரி, ஊர்ல பிசியோதெரபி படிச்சுட்டு டென்மார்க் வந்து முதுகலை பண்ணிக்கிட்டு இருக்கிறவன், வாரம் பூரா மழையைப் பத்தியே எழுதிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். நடுவுல மொக்கை வந்தா கண்டுக்காதீங்க :-)

சிரோசிஸ்ங்கற நோய்க்கு டேனிஷ் மொழியில ஸ்க்ரும்பலெவர்னு பேரு. அர்த்தம் வேற ஒண்ணும் இல்ல, "சுருங்கிப்போன ஈரல்". நம்ம ஊர்லயும் "அவருக்கு லிவர் சுருங்கிருச்சாம்"னுதானே சொல்றோம்? எங்கியோ வடக்குக் கோடியில இருக்கிறவனும் நாமளும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கோம் பாருங்க.

இந்த நோய்னதும் நமக்கு ஞாபகம் வர்றது மஞ்சள் கண்ணு, வீங்குன வயிறு, ரத்த வாந்தி. காலை யாரும் நினைக்கிறதில்ல. ஆனா நோயாளியைப் பக்கத்துல உக்காந்து கேட்டீங்கன்னா வேற கதை சொல்லுவார். மாடி ஏற முடியல. தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். பாட்டில் மூடியைத் திருக முடியல. "வயசாயிருச்சுல்ல"ன்னு வீட்ல சொல்லிடுவாங்க. உண்மையில அது வயசு இல்ல. சிரோசிஸ் வந்தவங்கள்ல பத்துப் பேருக்கு ஏறக்குறைய நாலு பேர் கிட்ட தசை இழப்பு இருக்குன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் சொல்லுது. தசை குறைஞ்சவங்களுக்கு தொற்று, மருத்துவமனை வாசம், சாவு எல்லாமே சீக்கிரம் வருது. ஈரல் மாற்று அறுவைக்குப் போறவங்களுக்கும் அப்படியே. உடம்புல தெம்பு இல்லாமப் போனா தேறி வர்றது கஷ்டம்.

ஆனா இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு நோயாளியோட ஃபைல்ல ஒரு வரிகூட இருக்காது. மாற்று ஈரலுக்கு யாரை முதல்ல கூப்பிடணும்னு முடிவு பண்ண பல நாடுகள்ல மெல்ட்னு ஒரு ஸ்கோர் வச்சிருக்காங்க. அதுல பிலிருபின் உண்டு, கிரியேட்டினின் உண்டு, ரத்தம் உறையுற கணக்கு உண்டு, சோடியம் உண்டு. தசை? ம்ஹூம்.

ஈரல் கெட்டா காலுக்கு என்ன?

நியாயமான கேள்வி. ஈரல் வலது விலாவுக்குக் கீழ இருக்கு, தொடை எங்கியோ இருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? முக்கியமா ரெண்டு சம்பந்தம்.

முதல் சம்பந்தம் சர்க்கரை. நாம சாப்பிடுற சோத்துல வர்ற குளுக்கோஸ்ல ஒரு பங்கை ஈரல் கிளைக்கோஜன்னு ஒரு வடிவத்துல கிடங்குல போட்டு வச்சுக்கும். ராத்திரி நாம தூங்கும்போது மூளைக்கும் மத்த உறுப்புகளுக்கும் அதுலேர்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமா அளந்து விடும். சுருங்குன ஈரல்ல கிடங்கே சின்னதாயிடுது. நடுராத்திரிக்குள்ள காலி. அப்ப உடம்பு என்ன பண்ணும்? தசையில இருக்குற புரதத்தை உடைச்சு அதுலேர்ந்து குளுக்கோஸ் செஞ்சுக்கும். வெறகு தீந்துபோச்சுன்னு வாசக்காலைப் பேத்து அடுப்பெரிக்கிற கதைதான். ஒரு ராத்திரிப் பட்டினியில சிரோசிஸ்காரர் உடம்புல நடக்குற மாற்றம், நல்லா இருக்குற ஆளு ரெண்டு மூணு நாள் கொலைப்பட்டினி கிடந்தா வர்ற மாற்றத்துக்குச் சமம்னு 1980கள்லயே அளந்து காட்டிட்டாங்க. அப்ப யோசிச்சுப் பாருங்க, இவங்க தினம் தினம் ரெண்டு நாள் விரதம் இருக்காங்க, அவங்களுக்கே தெரியாம.

ரெண்டாவது சம்பந்தம் அம்மோனியா. புரதம் செரிக்கிறதுலயும் குடல்ல இருக்குற கிருமிகளாலயும் அம்மோனியா உண்டாகுது. அது விஷம். ஈரல்தான் அதைப் பிடிச்சு யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்பும். ஈரல் படுத்துட்டா அம்மோனியா ரத்தத்துல சுத்த ஆரம்பிக்கும். மூளைக்குப் போனா குழப்பம், தூக்கம் மாறிப்போறது, கை நடுக்கம், கடைசியில கோமா வரைக்கும் போகும். இங்கதான் நம்ம ஆளு வர்றார்: தசை. அம்மோனியாவை குளூட்டமின்னு ஒரு அமினோ அமிலமா மாத்தி ஆபத்தில்லாம வைக்கிற வேலையைத் தசையும் செய்யும். ஈரல் நல்லா இருக்குறப்ப அது சின்ன வேலை. ஈரல் கைவிட்டப்புறம் அதுதான் பெரிய வேலை. நகராட்சி ஸ்டிரைக் பண்ணா தெருக்காரங்களே துடைப்பம் எடுக்குற மாதிரி.

ஆனா இதுல ஒரு வில்லங்கம். அந்த அம்மோனியாவே தசையையும் அரிக்கும். தசையை வளர விடாம பிரேக் போடுற மயோஸ்டேட்டின்னு ஒரு புரதம் நம்ம உடம்புல உண்டு. அம்மோனியா கூடினா மயோஸ்டேட்டினும் கூடுதுன்னு 2013-ல அமெரிக்காவோட கிளீவ்லேண்ட் கிளினிக் ஆளுங்க காட்டினாங்க. ஆக, அம்மோனியா கூடினா தசை குறையுது. தசை குறைஞ்சா அம்மோனியாவைப் பிடிக்க ஆள் இல்ல, இன்னும் கூடுது. செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வருது. இந்தச் சுத்தை நாம எங்க வெட்டலாம்? ஈரலைப் புதுசு பண்றது நம்ம கையில இல்ல. தசை ஓரளவுக்கு நம்ம கையில இருக்கு. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றதே இந்த ஒரு விஷயம்தான்.

எடை மெஷினை நம்பாதீங்க

"எங்க வீட்டுக்காரர் எடை குறையவே இல்லீங்க, அப்புறம் எப்படி சதை போச்சுங்கறீங்க?"ன்னு கேக்கலாம். வயித்துலயும் கால்லயும் நீர் கோத்திருக்கும். கையும் தொடையும் ஆறு கிலோ இழந்திருக்கும், வயிறு ஏழு கிலோ தண்ணியைச் சேர்த்திருக்கும். மெஷின் ஒரு கிலோ ஏறிருச்சுன்னு சந்தோஷமாச் சொல்லும். குண்டா இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம், கொழுப்புக்குள்ள தசை கரையுறது வெளியவே தெரியாது. சர்க்கரை நோய், கொழுப்பு ஈரல் வழியா சிரோசிஸ் வர்றவங்க இப்ப ஜாஸ்தி, அவங்க பல பேர் இந்த வகை.

அதனால அளக்க வேண்டியது பலத்தை. அதுக்குப் பெரிய ஸ்கேன் எல்லாம் வேண்டாம். கைப்பிடி மானின்னு ஒண்ணு இருக்கு, பிடிச்சு இறுக்கினா எத்தனை கிலோ பலம்னு காட்டும். எங்க லேப்ல அதான் எல்லாருக்கும் விளையாட்டுச் சாமான். (நார்வே நாட்டுப் பொண்ணு ஒருத்தி என்னைவிட எட்டு கிலோ அதிகமா அமுக்கினா. அவ துடுப்புப் படகு ஓட்டுறவங்கிறதால இதைத் தோல்வின்னு நான் ஏத்துக்கல!) ஆசியக்காரங்களுக்குன்னு 2019-ல வெளியான வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ போனா பலக்குறைவுன்னு கணக்கு.

இந்தச் சின்னக் கருவியை லேசா நினைக்காதீங்க. பிரேசில் நாட்டுல போர்ட்டோ அலெக்ரே நகரத்துல சிரோசிஸ் வந்த 50 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2005-ல வந்துச்சு. ஊட்டம் எப்படி இருக்குன்னு மூணு விதமாப் பார்த்தாங்க. வர்ற வருஷத்துல யாருக்குச் சிக்கல் வரும்னு சரியா முன்கூட்டிச் சொன்னது கைப்பிடி மட்டும்தான். அப்புறம் 2017-ல சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜெனிஃபர் லாய்ங்கற ஈரல் மருத்துவரும் அவங்க குழுவும் கைப்பிடி, நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எந்திரிக்கிறது, மூணு விதமா நின்னு பேலன்ஸ் பண்றது, இந்த மூணையும் சேர்த்து ஒரு குறியீடு செஞ்சாங்க. மெல்ட் ஸ்கோரோட இதையும் சேர்த்துப் பார்த்தா, காத்திருக்குறவங்கள்ல யாருக்கு ஆபத்து அதிகம்னு இன்னும் தெளிவாத் தெரியுது.

கருவி இல்லாத வீட்லயும் ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவரோட ஒட்டிப் போடுங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை முழுசா எந்திரிச்சு உக்காரணும். பக்கத்துல ஒருத்தர் நிக்கணும், விழுந்துடக் கூடாது. 12 செகண்டுக்கு உள்ள முடிஞ்சா நல்லது. அதுக்கு மேல ஆனாலோ, முடியவே இல்லைன்னாலோ, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

பெரியம்மாவும் கஞ்சியும்

இதெல்லாம் நான் ஏன் இவ்வளவு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதறேன்னா, எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார். எங்க பெரியப்பா. சிவகங்கைப் பக்கம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓடுற பஸ்ஸுல எதையும் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்ச கால் அது. சின்ன வயசுல அவர் பின்னாடி நின்னுக்கிட்டு நானும் பிடிக்காம நிக்கப் பார்த்து, டிரைவர் பிரேக் போட்டப்ப முன் சீட்டு ஆச்சி மடியில போய் விழுந்திருக்கேன். ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். ஹெபடைட்டிஸ் பி எப்பவோ உள்ள புகுந்து, சத்தமில்லாம இருந்து, ஈரலைச் சுருக்கிட்டுப் போயிருச்சு. (ஈரல் நோய்னா குடிகாரர்னு முடிவு கட்டுற நம்ம ஆளுங்களுக்காக இதை அழுத்திச் சொல்றேன். அவர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வெளிய போறதை நிறுத்திட்டார்.)

போன வருஷம் பெரியம்மாகிட்ட போன்ல பேசினேன்.

"எப்படி இருக்காங்க பெரியப்பா?"

"இருக்காகப்பா. கட்டில்லயேதான் இருக்காக. ஒரு துரும்பைக்கூட நகத்த விடுறதில்ல நாங்க. நோய்க்கார உடம்புல்ல?"

"சாப்பாடெல்லாம்?"

"கஞ்சிதேன். பருப்பு, முட்டை, கறி ஒண்ணும் கண்ணுல காட்டுறதில்ல. ஈரலுக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாக. ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு இட்லி. அதுக்கப்புறம் காலையில ஒம்போது மணிக்குத்தேன் கஞ்சி."

ஏழுலேர்ந்து ஒம்போது. பதினாலு மணி நேரம்.

"எந்திரிச்சு நடக்குறாங்களா பெரியம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டாத்தேன் எந்திரிக்கிறாக. நேத்து பாத்ரூம்ல விழப் பாத்தாக தம்பி. நாங்க ரெண்டு பேரும் சேந்து பிடிச்சோம். இது எதுனால, ஈரல்னாலயா?"

பாதிதான் ஈரல். மீதிப் பாதி, நம்ம அன்பு. சொல்ல மனசு வரல. ஆனா அந்த வீட்ல நடந்த மூணு விஷயமும் (படுக்கை, பத்தியம், நீண்ட ராத்திரிப் பட்டினி) ஒவ்வொண்ணும் தசையைக் கரைக்கிற வேலை. மூணையும் பாசத்தோட, ஒரு நாள் தவறாம செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

பருப்பு பாவம், அதை விட்டுடுங்க

புரதம் கூடாதுங்கறது பெரியம்மா கண்டுபிடிச்சது இல்ல. 1950கள்லேர்ந்து ரொம்ப காலம் டாக்டர்களே சொன்னதுதான். புரதத்துலேர்ந்து அம்மோனியா வருது, அம்மோனியா மூளையைக் கெடுக்குது, அப்ப புரதத்தை நிறுத்து. கேக்க லாஜிக்காத்தான் இருக்கு.

2004-ல பார்சிலோனாவுல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஈரல் நோயால மூளைக் குழப்பம் வந்து ஆஸ்பத்திரியில சேர்ந்த 30 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு முதல் மூணு நாள் புரதமே கிடையாது, அப்புறம் மெல்ல மெல்ல ஏத்தினாங்க. இன்னொரு பிரிவுக்கு முதல் நாள்லேர்ந்தே வழக்கமான அளவு. குழப்பம் தெளியுறதுல ரெண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்ல. ஆனா புரதத்தை நிறுத்துனவங்க உடம்புல தசைப் புரதம் உடையுறது அதிகமாச்சு. அதாவது சாப்பாட்டுல நிறுத்துன புரதத்தை உடம்பு தன் சதையிலேர்ந்தே தின்னுக்கிச்சு.

இன்னைக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்றது: சிரோசிஸ் இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில ஒரு கிலோவுக்கு 1.2-லேர்ந்து 1.5 கிராம் வரை புரதம். நீர் கோத்த எடையைக் கழிச்சுட்டுப் பார்க்கணும். 60 கிலோ ஆளுக்கு 72-லேர்ந்து 90 கிராம். இது நல்லா இருக்குற ஆளுக்குச் சொல்ற அளவைவிட அதிகம்! ஒரு முட்டையில 6 கிராம் தான் இருக்கு. ஒரு டம்ளர் பால்ல 6, 7 கிராம். ஒரு கப் சுண்டல்ல 12 கிராம் கிட்ட. தண்ணியா ஓடுற ரசத்துலயும் கஞ்சியிலயும் ஒண்ணும் பெருசா இல்ல. கறி ஒத்துக்காம குழப்பம் வர்றவங்களுக்குக்கூட பருப்பு, பயறு, பால், தயிர் பொதுவா ஒத்துக்கும்னு சொல்றாங்க. நம்ம சமையல்கட்டுல இல்லாததா?

அடுத்தது ராத்திரி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. நியூசிலாந்துல, ஆக்லாந்துல செஞ்சது, 2008-ல வெளியாச்சு. சிரோசிஸ் வந்த 103 பேர். எல்லாருக்கும் ஒரே சத்து பானம், ஒரே அளவு. ஒரு பிரிவு பகல்ல குடிச்சது, இன்னொரு பிரிவு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி. ஒரு வருஷத்துல ராத்திரி குடிச்சவங்க உடம்புல கூடுன புரதம் ஏறக்குறைய ரெண்டு கிலோ சதைக்குச் சமம். பகல்ல குடிச்சவங்களுக்கு அப்படி ஏறல. சாப்பாடு ஒண்ணுதான், நேரம் மட்டும்தான் வேற! தூங்கப் போறப்ப ஒரு டம்ளர் கேழ்வரகுப் பால் கஞ்சியோ, ரெண்டு இட்லியும் பாலுமோ, வாழைப்பழமும் பாலுமோ போதும். சர்க்கரை நோயும் சேர்ந்து இருக்கறவங்க மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

ஆர்ஹூஸ்ல எடை தூக்குனவங்க

இப்ப நான் இருக்குற ஊருக்கு வர்றேன். 1998-லயே ஆர்ஹூஸ் ஆளுங்க, குடியால சிரோசிஸ் வந்தவங்களோட தசை பலத்தைக் கருவியில அளந்து எழுதியிருக்காங்க. பலம் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. அது எதோட சேர்ந்து போகுதுன்னு பார்த்தா, ஈரல் எவ்வளவு கெட்டிருக்குங்கறதோட இல்ல. நரம்புக் கோளாறோடயும் இல்ல. ஊட்டம் எவ்வளவு குறைஞ்சிருக்குங்கறதோடதான். இது எவ்வளவு பெரிய நல்ல செய்தி! ஈரலோட நிலைமைதான் காரணம்னா நாம கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். ஊட்டம்தான் காரணம்னா ஏதாவது செய்யலாம்.

22 வருஷம் கழிச்சு, 2020-ல, இதே ஊர்லேர்ந்து அடுத்த செய்தி. சிரோசிஸ் வந்த 39 பேர். முத்துன நிலையில இருக்கறவங்க இல்ல. ஆரம்ப நிலை, நடு நிலை. பாதிப் பேர் வாரத்துக்கு மூணு நாள், 12 வாரம், பயிற்சியாளர் கண்காணிப்புல எடைப் பயிற்சி செஞ்சாங்க. மீதிப் பேர் வழக்கம் போல இருந்தாங்க. பயிற்சி செஞ்சவங்களோட முன்தொடை பலம் சுமார் 13 சதவீதம் கூடுச்சு. தொடைத் தசையோட குறுக்களவு சுமார் 10 சதவீதம் பெருசாச்சு. மூணே மாசத்துல. பிற்பாடு இவங்களையே தொடர்ந்து கவனிச்சப்ப, பயிற்சி செஞ்ச பிரிவு ஆஸ்பத்திரியில சேர்ந்தது குறைவாவும் இருந்துச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பயிற்சியில புதுமையே இல்ல. எந்த ஜிம்லயும் இருக்குற கருவிகள்தான். நோயாளியோட தசையும் நம்ம தசை மாதிரியே வேலை குடுத்தா வளருது. அதுகிட்ட யாரும் வேலை கேக்கலங்கறதுதான் விஷயம்.

பயம் நியாயமானதுதான்

"எடை தூக்குனா உள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடாதா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வரணும். சுருங்குன ஈரலுக்குள்ள ரத்தம் நுழையக் கஷ்டப்படும், அதனால பின்னாடி அழுத்தம் ஏறி, உணவுக்குழாய்ல நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்கும். உடற்பயிற்சி செய்யுற அந்த நேரத்துல இந்த அழுத்தம் கொஞ்சம் ஏறுதுன்னு 1996-ல பார்சிலோனாவுலயே அளந்திருக்காங்க. 1998-ல அதே குழு, புரோப்ரனலால் மாத்திரை போட்டிருந்தா அந்த ஏற்றம் வர்றதில்லன்னும் காட்டுச்சு. பல நோயாளிகள் ஏற்கனவே போட்டுக்கிட்டு இருக்குற வகை மாத்திரைதான் அது. நீண்ட கால விளைவு இதுக்குத் தலைகீழ்: உடல் பருமனோட சிரோசிஸ் இருக்கறவங்க 16 வாரம் உணவுக் கட்டுப்பாட்டோட பயிற்சி செஞ்சப்ப அழுத்தம் சராசரியா 10 சதவீதம் கிட்ட குறைஞ்சதுன்னு 2017-ல ஸ்பெயின்லேர்ந்து வந்த ஆய்வு சொல்லுது.

ஆக, வரிசை முக்கியம். முதல்ல டாக்டர். எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சா, புடைச்ச நரம்புக்கு மாத்திரையோ வளையமோ போட்டாச்சான்னு கேளுங்க. சமீபத்துல ரத்த வாந்தி, காய்ச்சல், மூளைக் குழப்பம், வயிறு இறுகுற அளவுக்கு நீர் இருந்தா பயிற்சியைத் தள்ளிப் போடணும். தொப்புள் பிதுங்கியிருக்கறவங்க கனமான எடை தூக்கவே கூடாது. மத்தவங்களுக்கு:

- வெறும் வயித்துல பயிற்சி வேண்டாம். ஏதாவது சாப்பிட்டுட்டு.
- நாற்காலியிலிருந்து எந்திரிச்சு உக்காருறதுதான் முதல் பாடம். முடியலைன்னா உயரமான நாற்காலி, கையூணி. அப்புறம் கையில்லாம. அப்புறம் உயரம் குறைஞ்ச நாற்காலி.
- மூச்சைப் பிடிக்கக் கூடாது. எந்திரிக்கும்போது மூச்சை விடணும். சத்தமா எண்ணிக்கிட்டே செஞ்சா மூச்சு தானா ஓடும்.
- அரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு இருந்தா கைக்கு எடைக்கல் ரெடி.
- நடை நல்லதுதான். ஆனா பலத்துக்கு நடை மட்டும் போதாது, தசைக்குக் கொஞ்சம் பாரம் தெரியணும்.

பெரியப்பா கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. அவர் டாக்டர்கிட்ட பெரியம்மாவே எல்லாத்தையும் கேட்டாங்க. எண்டோஸ்கோப்பி ஏற்கனவே பார்த்தாச்சு, மாத்திரை ஓடுது, புரதம் தாராளமாக் குடுங்க, உக்கார வைக்காதீங்கன்னு அவர் சொல்லிட்டார். "முட்டை குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு தம்பி"ன்னு பெரியம்மா சொன்னப்ப குரல்ல ஒரு திருட்டு சந்தோஷம். இப்ப ராத்திரி பத்து மணிக்குப் பால் கஞ்சி. காலையில சுண்டல் தின்னுட்டு நாற்காலிப் பாடம். ஈரல் அப்படியேதான் இருக்கு, ரிப்போர்ட்ல பெருசா மாத்தம் இல்ல. ஆனா கையூணாம மூணு தடவை எந்திரிக்கிறார். பாத்ரூமுக்குத் தனியாப் போறார். "மூணு ஸ்டாப் வரைக்கும் வந்தாச்சு, டெர்மினஸ் அஞ்சாவது ஸ்டாப்பு"ன்னு சொல்றார். கண்டக்டர் புத்தி போகுமா :-)

தனியா பாத்ரூம் போறதுல என்ன பெருசுன்னு ஆரோக்கியமா இருக்குற நமக்குத் தோணும். பொண்டாட்டியும் மருமகளும் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சு கக்கூசுக்குப் போற மனுஷனோட மனசைக் கேட்டுப் பாருங்க.

கொசுறு: சிரோசிஸ்காரங்களுக்கு ராத்திரி கால்ல சதை பிடிச்சு இழுக்குறது ரொம்ப சகஜம். 2022-ல அமெரிக்காவுல 82 பேரை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க: சதை பிடிக்க ஆரம்பிச்ச உடனே வெள்ளரிக்காய் ஊறுகாயோட ஊறல் தண்ணியை ஒரு வாய் குடிக்கணும். வெறும் தண்ணி குடிச்சவங்களைவிட அவங்களுக்கு வலி குறைஞ்சுது. "பார்த்தியா, ஊறுகாய் நல்லதுன்னு சொல்லிட்டான்"னு ஆவக்காய் ஜாடியைத் தூக்கிடாதீங்க மக்களே! அது ஒரு வாய் புளிப்புத் தண்ணி. நம்ம ஊறுகாய்ல இருக்குற உப்பு, நீர் கோத்த வயித்துக்கு எதிரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பிசியோ படிச்ச மாணவன். இதை வாசிச்சுட்டு மருந்தை மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேள்வி கேக்க மட்டும் பயன்படுத்துங்க.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ ஈரல் நோய்க்காரர் யாராவது இருந்தா, அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஆர்லிக்ஸ் பாட்டிலோட ரெண்டு கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க. நேத்து ராத்திரி கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? நாற்காலியிலிருந்து கையூணாம எந்திரிக்க முடியுதா? பதில் சரியில்லைன்னா அவர் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கேக்குற ஆள் இல்லாமத்தான் பல பேர் கட்டில்லயே இருக்காங்க.

அடுத்த வாரம்: டேனிஷ் கம்பு ரொட்டியை இட்லிப் பொடி தொட்டுச் சாப்பிடலாமா? (மொக்கை திரும்ப வருது, தயாரா இருங்க.)

வரட்டுமா.